மனமுவந்து

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. நீக்கிலாஸுக்கு அதில் முதற்பாதியே போதும். ஆனால் மனிதர் கெடுத்தது ஏட்டை அல்ல, கூடப்பிறந்த தம்பியின் குடும்பத்தை. அதையும் ஒரே ஒரு சொல்லால் கெடுத்தார்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், இராஜதுரையின் அச்சகத்தில் எழுத்து வேலை முழுவதும் நீக்கிலாஸின் பொறுப்பு. கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், மடு மாதா பெருநாள் நோட்டீஸ் என்று எது வந்தாலும் வசனம் அவருடையதுதான். வருகிற சனம், அப்பா மோசம் போய்விட்டார், நாலு பிள்ளைகள் என்று மட்டும் சொல்லும். மிச்சத்தை நீக்கிலாஸ் பார்த்துக்கொள்வார். போனவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருத்தருக்கும் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுக்காத கஞ்சனாக இருந்திருக்கலாம். அதனாலென்ன, அச்சகத்தை விட்டு வெளியே வரும்போது கொடைவள்ளலாகத்தான் வருவார். சைவக்காரர் இறைவனடி சேர்வார், வேதக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைவார். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் வெறுமனே கொடுக்கமாட்டார், மனமுவந்து வழங்குவார். அந்தச் சொல்லை அடிப்பதற்கு நீக்கிலாஸ் விசைப்பலகையைப் பார்ப்பதுகூட இல்லை.

அவருக்கு ஒரே தம்பி, அன்ரன். பன்னிரண்டு வயது இளையவன். நீக்கிலாஸ் தொண்ணூறில் பாரிசுக்கு வந்து, அகதிக் காட் எடுத்து, கலியாணம் காட்சி என்று ஒன்றுமில்லாமல் லா கூர்னெவில் ஓர் அறையில் காலத்தைக் கழிக்க, அன்ரன் மன்னார்க் கரையில் விடத்தல்தீவில் ஒரு படகும் அதற்கொரு எஞ்சினுமாக இருந்தான். கடலுக்குப் போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். போன கடலிலோ நேவிக்குப் பயப்படவேண்டும். தன் கையாலே உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இத்தனை பேரிடம் அனுமதி எதற்கு என்று அவன் கேட்கிற ஆள். கேட்டால் சும்மா விடுவார்களா? இரண்டாயிரத்து ஏழில் அவன் மனைவி ஷிரோமிக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, இயக்கம் வந்து எஞ்சினைக் கேட்டது. தரமுடியாதென்றான். கொண்டுபோய் இரண்டு நாள் அடைத்து வைத்து அடித்தார்கள். இடது காது அன்றோடு மந்தமாகிவிட்டது. எஞ்சினும் போயிற்று. அது போதாதென்று நாலு மாதம் அவர்களுடைய படகு எஞ்சின்களைத் திருத்திக் கொடுக்கவும் வைத்தார்கள். இதெல்லாம் நீக்கிலாஸுக்கு நன்றாகவே தெரியும். அடி வாங்கிய அடுத்த வாரம் அன்ரன் போனில் அழுதபோது இவரும் சேர்ந்து அழுதவர்தான்.

பிறகு கடைசிச் சண்டை வந்தது, முகாம் வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் அன்ரன் முகாமிலிருந்து வெளியே வந்தான். வந்தும் இராணுவம் தேடி வருவது நிற்கவில்லை. மனைவியையும் பிள்ளையையும் மன்னாரில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ஏஜென்சி காட்டிய வழியில் ஆறேழு நாடு தாண்டி, கார்த்திகை மாதம் டெக்சாஸ் எல்லையில் அமெரிக்கக் காவலர்களிடம் தானாகவே போய்க் கையைத் தூக்கினான். அவர்கள் அவனைத் தடுப்பு முகாமில் போட்டார்கள்.

ஞாயிறுகளில் போன் வரும். சாப்பாடு சரியில்லை, குளிர்கிறது என்ற கதையே அவனிடம் கிடையாது. முகாமின் புத்தக அறையில் அமெரிக்க அரசியலமைப்பைக் கையளவுப் புத்தகமாக வைத்திருந்தார்களாம். பத்தாம் வகுப்பு இங்கிலீசையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு அவன் அதை எழுத்தெழுத்தாக வாசித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"அண்ணை, நீதியான விசாரணை இல்லாமல் எந்த மனிசன்ரை உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கேலாது எண்டு இதிலை கிடக்கு. மனிசன் எண்டுதான் போட்டிருக்கு. பிரசை எண்டு போடேல்லை. நாலைஞ்சு தரம் பாத்திட்டன். அப்ப நானும் இதுக்குள்ளை வாறன்தானே?"

வருகிறாய் என்றார் நீக்கிலாஸ். வேறென்ன சொல்வது? அன்ரன் மனிசன் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே நாளைக் கடத்தினான். வெளியே விட்டால் டெக்சாஸின் கடற்கரையில் எஞ்சின் திருத்துகிற கடை போடுவான். அங்கே கடை போட எந்தப் பெரியவனிடமும் போய்த் தலையைச் சொறியத் தேவையில்லையாம். ஷிரோமியையும் பிள்ளையையும் கூப்பிடுவான். பிள்ளை அங்கே எவனுக்கும் குறைவில்லாமல் படிக்கும். ஆனால் அந்தப் புத்தகம் சொல்லாத சங்கதிகளும் இருந்தன. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் பிடிக்க வக்கில்லையென்றால் அரசாங்கமே பிடித்துக் கொடுக்குமாம், அகதி கேட்டு வந்தவனுக்கு அது கிடையாதாம். நல்லகாலம், சட்டக் கல்லூரியொன்றிலிருந்து ஒரு அம்மாள் காசு வாங்காமல் அவனுக்காக வந்தாள்.

அவள்தான் சிக்கலை எடுத்துச் சொன்னாள். தடைசெய்த இயக்கமொன்றுக்கு உதவி செய்தவனுக்கு அமெரிக்காவில் அகதி உரிமை இல்லை. ஒரு நேரச் சோறு கொடுத்தாலும் உதவிதான், துவக்கைக் காட்டிப் பறித்தாலும் உதவிதான். சட்டம் அப்படி. ஆனால் வெருட்டலுக்குப் பயந்து செய்தவனென்று காட்டினால் விலக்குக் கொடுக்க ஓர் இடுக்கு வழி இருந்தது. ஆகவே எஞ்சின் போன கதையும் அடி வாங்கிய கதையும் இன்னொருவர் வாயாலும் வரவேண்டும். அண்ணன் ஒரு கடிதம் எழுதி, அதைத் தனக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்றாள். ஷிரோமியும் பிள்ளையும் அமெரிக்காவைப் பார்ப்பதா இல்லையா என்பது அந்தக் கடிதத்தில் வந்து நின்றது.

கடிதம் எழுதுவதற்கு நீக்கிலாஸை விட்டால் ஆள் ஏது? ஒரு சனிக்கிழமை பின்னேரம், வாடிக்கையாளர் எல்லாம் போன பிறகு, அச்சகத்துக் கணினியிலேயே உட்கார்ந்து தொடங்கினார். தம்பியின் பெயர், பிறந்த ஊர், படகு, எல்லாம் ஒழுங்காக வந்தது. 'இயக்கத்தினர் அவனை அடித்து, இரண்டு நாள் அடைத்து வைத்து, இயந்திரத்தைப் பறித்தார்கள்' என்று அடித்தார். அந்த நேரம் பார்த்து இராஜதுரை இரண்டு தேத்தண்ணியோடு வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றார்.

இராஜதுரை கெட்ட மனிதர் இல்லை. அவருடைய கடைசித் தம்பி இயக்கத்தில் போய் கடைசிச் சண்டையில் மாத்தளன் பக்கம் செத்துப்போனவன். அவனுடைய படம் கடைச் சுவரில் மாலையோடு தொங்கியது. அந்தச் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. லாச்சப்பலில் எவரும் இயக்கத்தைப் பற்றி ஒரு குறை வாய்விட்டுச் சொல்லாத நேரம். சொன்னவனைத் துரோகி என்பார்கள், அவனுடைய வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போகமாட்டார்கள். நீக்கிலாஸின் விரல் அந்த வரியை அழித்தது. அழித்த இடத்தில் பழகின விரல் தானாக ஓடியது: 'எமது மக்களின் இடர்கண்டு இரங்கிய என் தம்பி, தனது படகு இயந்திரத்தை மனமுவந்து வழங்கியதோடு, நான்கு மாத காலம் அயராது பணியாற்றினான்.'

நல்லாய் எழுதியிருக்கிறாய் என்று இராஜதுரை தேத்தண்ணியை நீட்டினார்.

அறைக்குப் போய் மாற்றி எழுதலாம் என்றுதான் அப்போது நினைத்தார். போனார், மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வாசிக்க அந்த வரி அவருக்கே பிடித்துப்போய்விட்டது. எழுதுகிறவனுக்கு வருகிற கேடு அதுதான், தன் வசனத்தில் தானே மயங்குவது. நியாயமும் வந்து சேர்ந்தது. பாரிசில் எத்தனை பேருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்! இயக்கத்துக்குப் பெரிதாகச் செய்தவனென்றால் ஊரில் ஆபத்தும் பெரிது, காட் வருவதும் சுறுக்கு என்பது இங்கத்தைக் கணக்கு. அமெரிக்க நீதவானும் மனிதன்தானே, கஞ்சனை விடக் கொடையாளியைப் பிடிக்காமலா போகும்? வக்கீல் அம்மாள் அடி என்று சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி வரியில் 'பல துன்பங்களையும் அனுபவித்தான்' என்று சேர்த்தார். அவ்வளவுதான் அடிக்குக் கிடைத்த இடம்.

ஊரில் இங்கிலீசு படிப்பித்த தில்லையம்பலம் மாஸ்டர் பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் இருந்தார். மொழிபெயர்ப்பை அவர் செய்தார். மாஸ்டர் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. மனமுவந்து என்பதற்கு ஒரு இங்கிலீசுச் சொல் போதாதென்று, தன் சொந்த விருப்பத்தின் பேரிலும் மகிழ்ந்த உள்ளத்தோடும் என்று வருகிற மாதிரி நீட்டி நிமிர்த்தி எழுதிக் கொடுத்தார்.

அதையாவது வக்கீலுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அந்த அம்மாள் வாசித்த உடனே கிழித்துப்போட்டிருப்பாள். ஆனால் பாரிசில் இருபது வருடம் காட் புதுப்பிக்கும் பிரிபெக்சருக்கும் வரிக் கந்தோருக்கும் அலைந்தவருக்கு ஒரு பாடம் ஊறியிருந்தது: றெக்கொமாண்டேயில், அதாவது பதிவுத் தபாலில் போட்டு, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்காத கடிதம் கடிதமே இல்லை. அன்ரன் முன்பு அனுப்பியிருந்த விசாரணை அறிவித்தலின் பிரதியில் நீதிமன்றத்தின் முகவரியும் அரசாங்க வக்கீல்களின் முகவரியும் இருந்தன. ஒன்றுக்கு மூன்றாகக் கிடக்கட்டும் என்று மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் போட்டார். மூன்று ஒப்பச் சீட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதற்கு இதைவிட ஒழுங்காக யாரும் ஆயத்தம் செய்திருக்க முடியாது.

புரட்டாசியில் விசாரணை. முடிந்த ஞாயிறு அன்ரன் போன் எடுத்தான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அவன் சாட்சி சொன்னபோது அடித்ததையும் பறித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னானாம். நீதவான் தலையை ஆட்டிக் கேட்டாராம். பிறகு அரசாங்க வக்கீல் எழும்பி, மாஸ்டரின் மொழிபெயர்ப்பை எடுத்து அந்த வரியை வாசித்தானாம். சொந்த விருப்பத்தின் பேரில், மகிழ்ந்த உள்ளத்தோடு. இதை எழுதியது யார் என்று கேட்டான். என் கூடப்பிறந்த அண்ணன். அண்ணனுக்கு உன்மேல் பகையா? இல்லை. அப்படியென்றால் பொய் சொல்வது அண்ணனா, நீயா?

அன்ரன் விளக்கப் பார்த்திருக்கிறான். அண்ணை அச்சகத்தில் வேலை செய்கிறார், அது கொடுத்தவர்களுக்கெல்லாம் போடுகிற சொல்லு, அதற்கு அர்த்தம் இல்லை என்றானாம். அர்த்தமில்லாத சொல்லை ஒரு மனிதன் நீதிமன்றத்துக்கு எதற்காக எழுதுகிறான் என்று நீதவானே திருப்பிக் கேட்டாராம். அந்த நாட்டில் மனிசன் என்று ஒரு சொல் கிடந்தால் அது மனிசன்தான் என்று நம்பியவன் அன்ரன். மனமுவந்து என்று கிடந்தால் மட்டும் அது வேறொன்று என்று எந்த வாயால் சொல்வான்?

ஊருக்கு அனுப்பினால் அங்கே இவனை வதைப்பார்கள் என்பதை நீதவான் ஒத்துக்கொண்டார். ஆகவே அனுப்பமாட்டார்கள். ஆனால் அகதியென்று ஏற்கவும் மாட்டார்கள். மேல்முறையீடும் தோற்றது. இரண்டு வருடம் உள்ளே கிடந்த பிறகு, வருடத்துக்கொரு வேலை அனுமதியும், குறித்த நாளில் கந்தோரில் போய் ஒப்பமிடும் கடமையுமாக வெளியே விட்டார்கள். அன்ரன் சொன்னபடியே கடற்கரையோரம் படகு எஞ்சின் திருத்துகிற கடை போட்டான். கடைப்பலகையில் தன் பெயரைப் போட்டான். வரி கட்டினான், இரண்டு வெள்ளைக்காரரை வேலைக்கு வைத்தான். யாரும் வந்து பாஸ் கேட்கவில்லை. தொழில் செய்கிற சுதந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. மனைவி பிள்ளையைக் கூப்பிடத்தான் முடியாது. அவன் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது. ஷிரோமி இரண்டு தரம் விசா கேட்டாள், இரண்டு தரமும் இல்லையென்றார்கள்.

நீக்கிலாஸ் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதுவதை விட்டார். கோயில்காரர் வந்து, என்ன இது, வெறும் 'வழங்கியோர்' என்று மொட்டையாகக் கிடக்கிறதே என்று குறைப்பட்டார்கள். இடம் போதாது என்று சொல்லிச் சமாளித்தார். கண் கெட்ட பிறகு என்ன சூரிய நமஸ்காரம்? இரவில் மனம் அதையே சுற்றியது. கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது என்றே அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். தம்பிக்கும் அதைத்தான் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அழித்த வரியைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழில், ஒரு பின்னேரம் ஷிரோமி மன்னாரிலிருந்து போன் எடுத்தாள். பிள்ளைக்குப் பத்து வயது, முதற்தடவையாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுக்கப்போகிறாள், கார்ட்டுக்கு வசனம் வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் தானாக எடுத்தது அதுதான் முதற்தடவை. அவள் தன்னோடு பேச்சைக் குறைத்தது ஏன் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நீக்கிலாஸ் நினைத்திருந்தார். கடிதத்துக்காக வந்த கோபம், நியாயமான கோபம். விவரங்களைக் குறித்துக்கொண்டு, தகப்பன் பெயருக்குக் கீழே எந்த ஊர் போடுவது என்று அவர் கேட்டபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் எழுதுறியள் அத்தான். என்ரை மனிசனுக்கு ஒரு கடிதம் எழுத மட்டும் உங்களுக்கு நேரம் வரேல்லை. அண்டைக்கு நீங்கள் எழுதிப் போட்டிருந்தால் என்ரை பிள்ளைக்கு இண்டைக்குப் பக்கத்திலை தகப்பன் நிப்பார்."

நீக்கிலாஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. அண்ணன் கடிதம் எழுதவேயில்லை, அதனால்தான் வழக்குத் தோற்றது என்று அன்ரன் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். ஏழு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவர் டெக்சாஸுக்கு எடுத்துக் கேட்டார். பின்னால் ஒரு எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது, அன்ரன் அதை நிற்பாட்டிவிட்டு வந்தான்.

"விடுங்கோ அண்ணை. எழுதாமல் விட்டனீங்கள் எண்டால் எண்டைக்காவது ஒருநாள் மன்னிப்பா. எழுதினது இது எண்டால் மன்னிக்கமாட்டா. எனக்கும் உங்களை விட்டால் சகோதரம் ஆர் இருக்கினம்?"

அந்தப் பேச்சு நீக்கிலாஸை நெஞ்சில் அறைந்தது. தம்பி ஒரு பொய்யால் அண்ணனை ஏழு வருடம் காப்பாற்றியிருக்கிறான். அந்தப் பொய்யைத் தாங்குகிறவள் அங்கே இருக்கிறாள். சும்மா இருந்தால் சோம்பேறி அத்தானாக இருந்துவிட்டுப் போகலாம், ஒரு நட்டமும் இல்லை. இரண்டு வாரம் சும்மாதான் இருந்தார். கார்ட்டையும் எழுதி, அச்சடித்து, அனுப்பிவிட்டார். ஆனால் லா கூர்னெவிலிருந்து காலையில் ரயிலேறும்போதும், கார் து நோர் ஸ்டேசனில் இறங்கி நடக்கும்போதும், புருசன் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிற அந்தப் பெண்ணின் குரல் அவரை விடவில்லை. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து ஷிரோமிக்கு எடுத்தார்.

எடுத்த எடுப்பில் சொன்னார். கடிதம் எழுதியது, மூன்று இடத்துக்கு அனுப்பியது, மூன்றும் போய்ச் சேர்ந்தது. பிறகு அந்த வரியையும் வாசித்துக் காட்டினார். மனமுவந்து என்ற சொல்லையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் அன்ரன் பொய் சொன்னான் என்றும் சொன்னார்.

மறுபக்கத்தில் ஒரு கோழி கொக்கரித்தது.

"அவரை அடிச்சது உங்களுக்குத் தெரியாதோ, அத்தான்?" என்று ஷிரோமி கேட்டாள். கத்தவில்லை.

தெரியும் என்றார்.

"பிறகேன்?"

கைப்பழக்கம் என்று சொல்ல வாய் எடுத்தார். ஏழு வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல், வாய்க்குள் தயாராகவே இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"முதல்லை அடிச்சதெண்டுதான் எழுதினனான், ஷிரோமி. பிறகு அழிச்சுப்போட்டன். எழுதேக்கை பின்னாலை ஆக்கள் நிண்டவை."

"எத்தினை பேர்?"

நீக்கிலாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒராள்," என்றார்.